பழி வானத்தின் மேல்: பிளாச்சிமடை ஒரு நிகழ்வு ஆய்வு

2010 மார்ச்சில் கேரள அரசிடம் ஓர் உயர்மட்டக் குழு அறிக்கை கொடுத்தது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் இயங்கிய கோகோ கோலா ஆலையால் சுற்றுவட்டாரத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்றது அந்த அறிக்கை. தொகையை ஐந்து தலைப்புகளில் பிரித்திருந்தார்கள். விவசாய நஷ்டம் 84.16 கோடி, நீர் ஆதாரங்கள் கெட்டதற்கு 62.10 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, குடிநீர் வழங்கும் செலவுக்கு 20 கோடி, போன கூலிக்கும் கைநழுவிய வாய்ப்புகளுக்கும் 20 கோடி.

இதில் ஒரு ரூபாய்கூட இன்றுவரை பிளாச்சிமடைக் குடும்பங்களின் கைக்கு வரவில்லை. ஆலை மூடி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. போராட்டத்தின் கதையை நிறையப் பேர் எழுதியாயிற்று. அதைத் திரும்பச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஒரு மாசுபாட்டின் நஷ்டம் சமூகத்துக்குள் யார் தலையில் முதலில் விழுகிறது, அதை எண்ணும்போது எது கணக்குக்குள் வருகிறது, எது நழுவுகிறது, கடைசியில் பழி எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க இந்த ஊர் நல்ல இடம். கார்பன் உமிழ்வால் வரும் நஷ்டத்துக்குக் கணக்குப் போட உலக நாடுகள் இப்போது முயல்கின்றன. அந்தக் கணக்கு முட்டி நிற்கும் இடங்களில் பிளாச்சிமடை முன்பே முட்டி நின்றுவிட்டது.

எல்லையோரத்து ஊர்

சித்தூர் என்றதும் பலருக்கு ஆந்திரம் நினைவுக்கு வரும். இது பாலக்காட்டுச் சித்தூர். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று ஒவ்வொரு சாலையிலும் ஒரு சோதனைச் சாவடி. மீனாட்சிபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெருமாட்டி ஊராட்சி, அதற்குள் பிளாச்சிமடை. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. சந்தைக்கும் கல்யாணச் சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சிப் பக்கம் வருவது சாதாரணம். ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இருக்கும் எரவாளர், மலசர் பழங்குடியினரின் பேச்சும் தமிழோடு ஒட்டியதுதான்.

கேரளம் என்றாலே கொட்டும் மழை என்ற நினைப்பு நமக்கு உண்டு. அது இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் இது. மாநிலத்தின் சராசரி மழையில் பாதியைக்கூட எட்டாத இடங்கள் இங்கே இருக்கின்றன. மண்ணும் கோவைப் பக்கத்துக் கரிசலை ஒத்தது, அடியில் கெட்டிப் பாறை. விவசாயம் நடப்பது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின் தயவில். 1970-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வரவேண்டும். வருகிறதா இல்லையா என்று இரண்டு மாநிலத்து விவசாயிகளும் ஆண்டுதோறும் சண்டை போடுவது தனிக் கதை.

நிலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். தென்னந்தோப்பும் நெல்வயலும் இடைநிலை, மேல்சாதி விவசாயக் குடும்பங்களிடம். பழங்குடியினரிலும் தலித்துகளிலும் பெரும்பாலோர் அந்த நிலங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கென்று இருந்தது குடியிருப்புக்கு நடுவே ஒரு பொதுக் கிணறும் ஓரிரு கைப்பம்புகளும். விவசாயியின் கிணறு வற்றினால் அவர் போரை இன்னும் ஆழப்படுத்தலாம். பொதுக் கிணறு வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கவேண்டியதுதான்.

குடமும் சேறும்

ஆலைக்கு ஊராட்சி உரிமம் கொடுத்தது 2000-ன் தொடக்கத்தில். அந்த ஆண்டு மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 34 ஏக்கர் நிலம், அதில் ஆறு ஆழ்துளைக் கிணறுகள். சில நூறு பேருக்கு வேலை, ஊராட்சிக்கு நல்ல வரி வருமானம். ஆரம்பத்தில் எதிர்ப்பு என்று எதுவும் இல்லை.

மாற்றத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் சமைக்கிறவர்கள். பருப்பு வேகவில்லை, சோறு சீக்கிரம் கெட்டுப்போகிறது, சோப்பு நுரைக்கவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று பேச்சு எழுந்தது. இவை கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரின் அடையாளங்கள். மேலேயுள்ள நல்ல தண்ணீர் வேகமாக இறங்கும்போது ஆழத்து உப்புத் தண்ணீர் கிணற்றுக்குள் வரும். கழிவு நிலத்துக்குள் இறங்கினாலும் இதேதான் நடக்கும். ஆய்வகத்துக்கு மாதிரி போவதற்கு வெகு முன்பே அடுப்படியில் முடிவு வந்துவிட்டது. ஆனால் அடுப்படி முடிவை எந்த அலுவலகமும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்று ஊராட்சிக்கு எழுதியது 2003 மே மாதத்தில். உற்பத்தி தொடங்கி மூன்று ஆண்டு கழித்து.

இரண்டாவது சங்கதி சேறு. ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சிய சேற்றைப் பக்கத்து விவசாயிகளுக்கு எரு என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போட்டவர்களும் நன்றியோடுதான் வாங்கினார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலியின் நிகழ்ச்சி ஒன்று அந்தச் சேற்றை இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சோதித்து, அதில் ஈயமும் காட்மியமும் ஆபத்தான அளவில் இருப்பதாகச் சொன்னது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். அடுத்த மாதம் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேறு கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. மாசு எப்போதும் புகைபோக்கியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். இங்கே அது இலவச எருவாக, ஓர் உதவியாக வந்தது. வாங்கிய கைகளும் குற்றத்தில் பங்காளி ஆனதுபோல ஒரு தோற்றம் அதனால் உண்டாகிவிடுகிறது. எதிர்த்துப் பேசும் வாயை அது பாதி அடைத்துவிடுகிறது.

மழையா, ஆலையா

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டப் பந்தல் போடப்பட்டது. முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். அவர்களில் மயிலம்மா என்ற எரவாளர் பெண் பள்ளிக்கூடம் போகாத கூலித் தொழிலாளி. பிறகு நாடறிந்தவரானார், 2007 ஜனவரியில் காலமானார். 2003 ஏப்ரல் 7 அன்று உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று பெருமாட்டி ஊராட்சி தீர்மானம் போட்டது. வழக்கு எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

ஆலைத் தரப்பின் வாதம் எளிமையானது: கிணறு வற்றியது மழை இல்லாததால், எங்களால் இல்லை. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் இந்த வழக்கின் கடினமான முடிச்சு. 2002-ல் இந்தியா முழுவதுமே தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட 19 விழுக்காடு குறைந்தது. பாலக்காட்டில் வறட்சி உண்மை. பக்கத்துத் தோப்புகளிலும் போர் போட்டு இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கிணற்றில் தண்ணீர் இறங்கினால் அதில் வானத்தின் பங்கு எத்தனை, ஆலையின் பங்கு எத்தனை, தோப்புக்காரரின் பங்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல, 2000-க்கு முன் அந்தக் கிணறுகளின் நீர்மட்டம் மாதாமாதம் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். பழங்குடிக் குடியிருப்பின் பொதுக் கிணற்றுக்கு அப்படி யார் பதிவு வைத்திருப்பார்கள்?

2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்த தனி நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவலர்தான். 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சாதாரண நிலக்காரர் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவு மட்டும் இந்த நிறுவனமும் எடுக்கலாம் என்றார். 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. கோழிக்கோட்டு நீர்வள மையத்தின் தலைமையில் நடந்த ஆய்வின்படி, மழை வழக்கமான அளவில் பெய்தால் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம், மழை குறைந்தால் அளவையும் குறைக்கவேண்டும் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 34 ஏக்கர் என்றால் சுமார் 1,37,600 சதுர மீட்டர். நாளுக்கு 5 லட்சம் லிட்டர் என்பது 500 கன மீட்டர். ஆண்டு முழுக்க எடுத்தால் 1,82,500 கன மீட்டர். இதை அந்த நிலத்தின் மேல் பரப்பினால் 1.3 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான உயரம் வரும். ஆலையின் நிலத்தில் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டு விடாமல் அத்தனையும் பூமிக்குள் இறங்கினால்தான் எடுப்பதற்கு ஈடாகும். கெட்டிப் பாறைப் பகுதிகளில் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் ஆலையின் போர்கள் குடித்தது தன் வேலிக்குள் பெய்த மழையை மட்டுமல்ல, அதைப்போலப் பத்து மடங்கு பரப்பில் பெய்த மழையை. இதுவும் 5 லட்சம் லிட்டர் என்று வைத்துக்கொண்டு. 15 லட்சம் வரை எடுத்தார்கள் என்பது போராட்டக் குழுவின் குற்றச்சாட்டு.

ஆக, மழை குறைந்தது உண்மை. குறைந்த மழையில் அடுத்தவர் பங்கும் ஆலையின் போர்களுக்குப் போனது என்பதும் உண்மை. நிறுவனத்தின் வாதம் முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மூடியது. காரணம் இரண்டாக இருந்து, அதில் ஒன்று வானமாக இருந்தால், பழி முழுவதும் வானத்தின் மேல் போய்விடுகிறது. வானத்துக்கு வக்கீல் கிடையாது, சம்மன் அனுப்பவும் முடியாது. இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான சங்கதி இதுதான்.

கடைசியில் ஆலை நின்றதும் வறட்சியைக் காரணம் காட்டித்தான். 2004 பிப்ரவரியில் அரசு வறட்சிக் காலத்துக்கு நீர் எடுக்கத் தடை போட்டது. மார்ச் 9 அன்று உற்பத்தி நின்றது, பிறகு பழையபடி தொடங்கவே இல்லை. இனி திறக்கப்போவதில்லை என்று 2017 ஜூலையில் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் சொல்ல, வழக்கு முடிந்தது. ஊர்க்காரர்களின் சோறும் பருப்பும் அரசாணைக்குள் காரணமாக வரவில்லை, வறட்சி வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

உறவுகளில் விழுந்த விரிசல்

வெள்ளம், புயல் மாதிரி இயற்கைப் பேரிடர் வந்தால் ஊர் ஒன்றுகூடும். நஞ்சு பரவினால் ஊர் பிரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் பிராய்டன்பர்க்கும் அவரைச் சேர்ந்தவர்களும் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இயற்கைப் பேரிடரில் எதிரி யார் என்ற சண்டை இல்லை. மாசுபாட்டில் நஷ்டம் நடந்ததா, எவ்வளவு, யாரால் என்று ஒவ்வொன்றுமே சண்டை. அந்தச் சண்டை நீள நீள அக்கம்பக்கத்து உறவு அரித்துப்போகிறது.

பிளாச்சிமடையில் இது அப்படியே நடந்தது. தொழிற்சங்கங்களும் பெரிய கட்சிகளும் தொடக்கத்தில் ஆலைப் பக்கம் நின்றன. ஆலையில் வேலை பார்த்தவர்களும் பந்தலில் உட்கார்ந்தவர்களும் ஒரே சாலையில் எதிரெதிரே. எரு வாங்கியவர், ஆலைக்கு நிலம் விற்றவர், லாரி ஓட்டியவர், பக்கத்தில் டீக்கடை வைத்தவர் எல்லோருக்கும் ஆலையோடு ஏதோ ஒரு கணக்கு இருந்தது. எந்தக் கணக்கும் இல்லாதவர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள், கூலிக்குப் போகும் பெண்கள். தைரியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆலையால் ஆதாயம் இல்லாதவர்களுக்கே ஆலையைப் பற்றிப் பேசும் சுதந்திரம் மிஞ்சியிருந்தது. அதே பெண்கள்தான் தண்ணீருக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தவர்கள். தண்ணீருக்கு நடந்த நாளில் கூலி போச்சு. கூலி போன நாளில் பெரிய பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். மாசு இப்படித்தான் கிணற்றிலிருந்து வீட்டுக்குள்ளும் வீட்டிலிருந்து அடுத்த தலைமுறைக்கும் வருகிறது.

ஐந்து தலைப்புகள்

உயர்மட்டக் குழுவின் கணக்குக்கு இப்போது வருவோம். அது நல்ல வேலை, சந்தேகமே இல்லை. இந்தியாவில் ஒரு மாநில அரசு, ஒரு தனி ஆலையின் சமூக நஷ்டத்தை இவ்வளவு விரித்து எண்ணிப் பார்த்தது அரிது. கைநழுவிய வாய்ப்பு என்று ஒரு தலைப்பே போட்டிருக்கிறார்கள். பள்ளியை விட்ட பிள்ளைகளையும் நடந்து தேய்ந்த நாட்களையும் மனதில் வைத்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் தொகையின் சாய்வைப் பாருங்கள். விவசாய நஷ்டம் மொத்தத்தில் 39 விழுக்காடு. கூலியும் வாய்ப்பும் சேர்ந்து 9 விழுக்காடு. நிலம் வைத்திருப்பவருக்குப் போன ஆண்டு எத்தனை மூட்டை, இந்த ஆண்டு எத்தனை மூட்டை என்று சொல்லத் தெரியும். பட்டா இருக்கும், விலை இருக்கும். கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன ஆவணம் இருக்கும்? நஷ்டத்தை எண்ணும் முறை, சொத்து இருப்பவரின் நஷ்டத்தைத் தெளிவாகவும் சொத்து இல்லாதவரின் நஷ்டத்தை மங்கலாகவும் காட்டும். வாசலில் முதலில் உட்கார்ந்தவர்களுக்குக் கணக்கில் கடைசி இடம் கிடைத்தது குழுவின் வஞ்சனையால் இல்லை, எண்ணும் கருவியே அப்படி.

அப்புறம் நடந்தது இன்னும் விசித்திரம். தொகையைப் பெற்றுத்தர ஒரு தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரி 24 அன்று கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு டெல்லி போனது. பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, ஒப்புதல் இல்லாமல் திரும்பிவந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கும்போது மாநிலம் தனியாக ஒன்று வைக்கத் தேவையில்லை என்பது எதிர்த்தரப்பில் சொல்லப்பட்ட முக்கியமான காரணம். சரி, பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போகலாமே? இழப்பீடு கேட்க அந்தச் சட்டம் கொடுக்கும் காலம், நஷ்டத்துக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு. தீர்ப்பாயம் உருவானது 2010 அக்டோபரில். ஆலை நின்றது 2004 மார்ச்சில். கதவு கட்டப்பட்ட நாளிலேயே பிளாச்சிமடைக்கு அது பூட்டியிருந்தது.

லாரியில் போனதும் லாரியில் வந்ததும்

இதில் கார்பன் எங்கே வருகிறது என்று கேட்கலாம். பந்தலில் யாரும் கார்பன் பற்றிப் பேசவில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, நாறாது, பருப்பை வேகவிடாமல் செய்யாது. ஆனாலும் இரண்டு கணக்கும் ஒரே நூலில்தான் கோத்திருக்கின்றன.

ஒரு நாளைக்கு 85 லாரி லோடு, லோடுக்கு 550 முதல் 600 பெட்டி, பெட்டிக்கு 24 பாட்டில் என்பது போராட்டக் காலத்து எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. 300 மில்லி பாட்டில் என்று வைத்தால் நாளுக்கு மூன்றரை லட்சம் லிட்டர் பானம். அதை ஏற்றிப்போன லாரிகள் எரித்த டீசலில் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். கண்ணாடி பாட்டில் காலியாகத் திரும்பி வரவும் அதே டீசல். கிணறு கெட்ட பிறகு குடியிருப்புகளுக்குக் குடிநீர் வந்ததும் டேங்கர் லாரியில்தான். நல்ல தண்ணீர் டீசலில் வெளியே போனது, மறுபடி டீசலில் உள்ளே வந்தது.

நிலத்தடி நீர் இறங்குவதே உமிழ்வைக் கூட்டும். 1,000 லிட்டர் தண்ணீரை 50 மீட்டர் கூடுதல் ஆழத்திலிருந்து தூக்க, சாதாரணப் பம்புசெட்டுக்கு ஏறக்குறைய 0.4 யூனிட் மின்சாரம் ஆகும். நிலக்கரியை நம்பிய நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு. ஒரு தோப்புக்கு இது அற்பம். சித்தூர் மாதிரி அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அற்பமில்லை. உமிழ்வு கூடினால் பருவமழை தாறுமாறாகும். மழை தவறினால் போரை இன்னும் ஆழப்படுத்துவார்கள். 2016-ல் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, வடகிழக்கும் கைவிட்டபோது பாலக்காட்டுக் கிழக்கில் நடந்தது அதுதான்.

ஆகவே வானத்தின் மேல் பழிபோடும் வாதம் இனி பழைய மாதிரி செல்லாது. வானமும் இப்போது முழுக்க இயற்கை கிடையாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரியக் காரணமான மழை, காலநிலை மாற்றத்தால் ஏறக்குறைய 10 விழுக்காடு கனத்துவிட்டது என்று பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று சில வாரங்களுக்குள் கணித்துச் சொன்னது. 2003-ல் ஒரு வறட்சியின் பங்கைப் பிரித்துச் சொல்ல இப்படி ஒரு கருவி நீதிமன்றத்தின் கையில் இல்லை.

கருவி வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில், காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பும் சேதமும் பற்றி ஒரு தனிப் பிரிவே உண்டு. அதை ஏற்ற முடிவிலேயே, இந்தப் பிரிவு யாருக்கும் சட்டப் பொறுப்பையோ இழப்பீட்டுக் கடமையையோ உண்டாக்காது என்றும் எழுதி வைத்தார்கள். 2022-ல் எகிப்தில் கூடி அதற்கென ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்கள். அதுவும் கொடுப்பவர் மனமுவந்து போடுவது. நஷ்டம் உண்டு, தொகையும் சொல்லலாம், ஆனால் கொடுக்கவேண்டியவர் என்று யாரையும் கை காட்டக்கூடாது. சட்டமன்றத்தில் நிறைவேறி டெல்லியில் மடிந்த மசோதாவைப் படித்தவர்களுக்கு இந்த வாசகம் புதிதாக இருக்காது.

பக்கத்தில் இன்னொரு திட்டம்

ஆலையின் காலிக் கட்டடத்தில் 2021 ஜூனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு கோவிட் மையம் நடந்தது. 2023-ல் நிறுவனம் நிலத்தையும் கட்டடத்தையும் மாநில அரசுக்கு விலையில்லாமல் கொடுக்க முன்வந்தது. அதை இழப்பீடு என்று சிலர் பேசிப்பார்த்தார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. கொடுப்பது அரசுக்கு, நஷ்டப்பட்டது குடியிருப்பு.

2025 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தில், வாளையார் எல்லைக்குப் பக்கத்திலுள்ள எலப்புள்ளியில், ஒரு தனியார் நிறுவனத்தின் 600 கோடி ரூபாய்த் திட்டத்துக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. மதுபான ஆலையோடு எத்தனால் உற்பத்தியும் அதில் உண்டு. நிலத்தடி நீரைத் தொடமாட்டோம், குழாய் நீரும் மழைநீர்ச் சேமிப்பும் போதும் என்றது அரசுத் தரப்பு. ஊராட்சி எதிர்த்தது. எதிர்த்தவர்கள் வாயில் முதலில் வந்த பெயர் பிளாச்சிமடை.

எத்தனால் வந்ததால் இந்த விவகாரம் பழையதைவிடச் சிக்கல். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நாட்டின் கார்பன் குறைப்புக் கொள்கையின் பகுதி. கோலாவை ஆடம்பரம் என்று ஒதுக்கலாம், எத்தனாலைப் புவிக்கு நல்லது என்பார்கள். கார்பன் கணக்கில் வரும் லாபம் நாடு முழுவதற்கும் எழுதப்படும். தண்ணீர்க் கணக்கில் வரும் நஷ்டம், வந்தால், இரண்டு மூன்று ஊராட்சிகளின் பொதுக் கிணறுகளில் எழுதப்படும். இரண்டு ஏடும் வெவ்வேறு அலுவலகத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று பார்க்காது.

சமூகவியல் மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போனால் செய்யவேண்டிய முதல் வேலை நேர்காணல் கிடையாது. எந்த ஆலையும் வருவதற்கு முன்பே ஒவ்வொரு குடியிருப்பின் பொதுக் கிணற்றிலும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நீர்மட்டத்தை அளக்கவேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்கவேண்டும். எந்த வீட்டில் யார் எவ்வளவு நேரம் தண்ணீருக்கு நடக்கிறார், அன்றைக்குக் கூலி போனதா, பள்ளி போனதா என்று தேதியோடு எழுதவேண்டும். அந்த ஏட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கவேண்டும், தமிழிலும் மலையாளத்திலும்.